தகப்பனுக்குக் கூடாத குறிப்பு

ஆல்டன்வேல் விளையாட்டுக் கழகத்தின் மூன்றாம் மாடியில் இருந்த கணிப்பானுக்கு அதை விற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ நீளமானது. அங்கே வேலை செய்த வதனி அதைச் சாத்திரியார் என்றாள். மனதுக்குள் வைத்திருந்த பெயர், ஒருநாள் கூட்டத்தில் வாய் தவறி வெளியே வந்துவிட்டது. அர்த்தம் கேட்டார்கள். எங்கள் ஆட்களில் பிள்ளை பிறந்ததும் குறிப்பு எழுதி அதன் எதிர்காலத்தைச் சொல்கிறவர் என்று விளக்கினாள். மேசையைச் சுற்றியிருந்த வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அன்றிலிருந்து அதே பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் வாயில் அது ‘ஸாஸ்ட்ரி’ ஆனது.

சிரிக்க என்ன இருக்கிறது? அது செய்ததும் அதே வேலைதான். ஒரு சின்னப் பிள்ளை நடக்கிற, ஓடுகிற, விழுந்து எழும்புகிற படங்களையும் தாய் தகப்பனின் உடம்பு விவரத்தையும் கொடுத்தால், பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை எப்படி ஆடும் என்று நூற்றுக்கு ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண் பெரும்பாலும் பலித்தது. பலிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மெல்பேர்ணில் ஆடுகிற அந்த ஆட்டத்தில் பந்து உருண்டையாக இருக்காது. நம்மவர்கள் அதை முட்டைப் பந்து என்பார்கள். கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், ஆளோடு ஆள் முட்டலாம். வருட முடிவில் டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். நாடு முழுவதிலும் உள்ள பதினெட்டு வயதுப் பிள்ளைகளைக் கழகங்கள் வரிசையில் நின்று தெரிவு செய்யும். கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் தெரிவு. மேடையில் ஒருவர் பெயரை வாசிப்பார். வாசிக்கப்பட்ட பிள்ளை, தன்னைக் கூப்பிட்ட கழகம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். பிள்ளைக்கோ பெற்றவர்களுக்கோ அதில் பேச்சில்லை.

இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு. ஒரு கழகத்துக்காக நூறு ஆட்டம் ஆடியவரின் பிள்ளையை, வரிசையைப் பார்க்காமல் அந்தக் கழகமே எடுத்துக்கொள்ளலாம். பழைய காலத்துப் பாசத்தில் எழுதிய விதி. சாத்திரியார் வந்த பிறகு அந்தப் பாசத்துக்குப் பல் முளைத்துவிட்டது. ஊரார் பிள்ளைகளைக் கணிக்கச் சட்டம் விடாது. சொந்த ஆட்டக்காரரின் பிள்ளைகளை, பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டால், கணிக்கலாம். அவ்வளவுதான், கழகங்கள் ஆட்டக்காரரை விட்டுவிட்டு அவர்கள் வீட்டுத் தொட்டில்களை எட்டிப் பார்க்கத் தொடங்கின. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்களை எண்பதாவது ஆட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள், பிள்ளையின் எண் சரியில்லை என்பதற்காக. காலை இழுத்து இழுத்து நடந்தவர்களை நூறு வரைக்கும் வைத்திருந்தார்கள்.

வதனியின் வேலை பட்டியல் கட்டுவது. இந்த வருடத்து அணி பயிற்சியாளரின் தலைவலி. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வரப்போகும் அணி வதனியின் தலைவலி. எத்தனை கணிப்பான் வந்தாலும் அந்தப் பட்டியலை இன்னும் சுவரில்தான் வைத்திருந்தார்கள். ஒரு முழுச் சுவருக்கு இரும்புப் பலகை, வருடத்துக்கு ஒரு நிரல், ஆளுக்கு ஒரு காந்த வில்லை. வில்லையில் ஆளின் பெயர் இருக்கும். பெயர் எழுதாத வெள்ளை வில்லைகளும் இருந்தன. அவை பிள்ளைகள். சின்னப் பிள்ளையின் பெயரைக் கழகம் எங்கேயும் எழுதக் கூடாது என்று சட்டம் இருந்தது, அதனால் எழுதாமல் ஒட்டியிருந்தார்கள்.

பதின்மூன்றாவது நிரலின் உச்சியில் ஒட்டியிருந்த வெள்ளை வில்லை, வதனியின் தம்பி யதுஷனின் மகன் எழிலன். வயது ஐந்து. சாத்திரியார் அவனுக்குத் தொண்ணூற்றாறு கொடுத்திருந்தது. அந்தச் சுவரில் அதுவரை யாருக்கும் அப்படி ஓர் எண் வந்ததில்லை.

வேறு கழகத்தில் தொடங்கி இங்கே மாறி வந்த யதுஷன், ஆல்டன்வேலுக்குப் பின்வரிசையில் ஆடுகிறவன். ஆரவாரமில்லாத ஆட்டம். எதிரி உதைக்கிற உயரப் பந்துகளை, முன்னே யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் பின்னோக்கி ஓடிப் பிடிப்பது அவன் வேலை. அப்படிப் பிடிக்கப் போய்த்தான் அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் தலையில் அடிபட்டான். அது முதல் அடியும் இல்லை. மாதக்கணக்காக ஆடவில்லை. ஆல்டன்வேலுக்காக அவன் ஆடியது தொண்ணூற்றொன்பது ஆட்டம்.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்திய வாரம், பட்டியல் பிரிவின் தலைவர் கிரெய்க் டனவன் வதனியைச் சுவருக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். கெட்ட மனிதர் இல்லை. வதனிக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்குச் சூப் வாங்கி அனுப்புகிறவர்.

“அடுத்த வருடம் யதுஷனுக்கு ஒப்பந்தம் இல்லை,” என்றார். “அந்தத் தலையோடு இன்னொரு பருவம் ஆட எந்த மருத்துவரும் சம்மதிக்க மாட்டார். நூறை இந்தக் கடைசி ஆட்டத்தோடு முடித்துவிட வேண்டும்.”

“இந்த ஒரு ஆட்டத்துக்குச் சம்மதிப்பாராக்கும்?”

“ஐந்து நிமிடத்துக்குச் சம்மதிக்கிறார். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் இறக்குவோம். உடனே வெளியே எடுத்துவிடுவோம். மைதானத்தில் கால் வைத்தாலே அந்த ஆட்டம் கணக்கில் சேரும்.”

“அதை அவனிடம் நீங்களே சொல்லலாமே.”

“நான் சொன்னால் உத்தரவு, வதனி. நீ சொன்னால் குடும்பக் கதை. அவன் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடலாம். சத்தியமாக.”

வதனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடும்பத்தைத் தூது அனுப்புவதற்குத்தானா இத்தனை வருடம் வேலைக்கு வைத்திருந்தீர்கள் என்று கேட்க நினைத்தாள். கிரெய்க் போன பிறகு தம்பியின் தலையை ஸ்கேன் எடுத்த படங்களை, காயங்களையும் கணிக்கத் தெரிந்த சாத்திரியாரிடம் கொடுத்து, இந்த ஐந்து நிமிடத்தில் என்ன ஆகும் என்று கேட்டாள். இன்னொரு முறை அடிபட நூற்றுக்குப் பதினான்கு என்று வந்தது. பட்டால் ஆள் பழைய ஆளாகத் திரும்ப மாட்டான் என்பதையும் அது மரியாதையான சொற்களில் சொல்லியிருந்தது.

மாலையில் நோபிள் பார்க் புறநகரில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனபோது, வீட்டுக்குப் பின்னால் இருந்த வளவில் தகப்பனும் மகனும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் யதுஷன் நின்ற இடத்தில் நின்று பந்தைக் கராஜ் கதவில் உதைப்பான். முட்டைப் பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. தெறிக்கிற நொடியில் யதுஷன் ஒரு பெயரைக் கூப்பிடுவான். இணுவில் என்றால் இடது பக்கம், கோண்டாவில் என்றால் வலது, சுன்னாகம் என்றால் தலைக்கு மேலாகப் பின்னால். பந்து இரண்டாம் தரம் நிலத்தில் படுவதற்கு முன்னால் எழிலன் பிடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்து ரயில் நிலையங்கள் அவை. யதுஷன் அந்த ரயிலில் ஏறினதுகூட இல்லை. அவனுடைய தகப்பன் அவனோடு ஆடும்போது கூப்பிட்ட பெயர்கள், அவ்வளவுதான்.

ஒப்பந்தப்படி மாதத்துக்கு ஒருமுறை இந்த ஆட்டத்தைப் படம் பிடித்துக் கழகத்துக்கு அனுப்புவார்கள். கிரெய்க் அந்தச் சொற்களின் அர்த்தத்தை ஒருமுறை கேட்டுவிட்டு மறந்துவிட்டார்.

“மாமி, நான் சுன்னாகம் பிடிச்சனான்,” என்று எழிலன் ஓடிவந்து வதனியின் காலைக் கட்டிக்கொண்டான். முழங்கால் இரண்டிலும் சேறு.

“கால் கழுவிப்போட்டு உள்ள வா,” என்று குசினி ஜன்னலால் யதுஷனின் மனைவி சிந்துஜா சொன்னாள். அவள் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடும்போது வதனி எல்லாவற்றையும் சொன்னாள். கிரெய்க் சொன்னதை, ஐந்து நிமிடத்தை, பதினான்கை. எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

“அப்ப மிச்சம் எண்பத்தாறு என்ர பக்கம்,” என்றான் யதுஷன்.

“உது சீட்டாட்டம் இல்லை யது. அடிபட்டா நீ இப்ப இருக்கிற ஆளா இருக்க மாட்டாய்.”

“அஞ்சு நிமிசம் அக்கா. பந்து என்ர பக்கம் வரவே வராது.”

சிந்துஜா அகப்பையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பிள்ளை விளையாடித்தான் ஆகவேணும் எண்டு ஆர் சொன்னது? படிச்சு வேற ஏதும் செய்யட்டுமன்.”

“அவனைப் பாரும்,” என்றான் யதுஷன். பையன் சோற்றுக் கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு தேசிக்காயை நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். “உவனை விளையாடாதை எண்டு நீர் மறிப்பீரோ? பதினெட்டு வயதில எவனோ ஒருத்தன் மேடையில ஏறி இவன்ர பேரை வாசிக்கத்தான் போறான். அது எந்த ஊர்க் கழகம் எண்டதுதான் கேள்வி.” பிறகு அக்காவின் பக்கம் திரும்பினான். “என்ர பேரைக் கூப்பிட்ட அண்டைக்கு அப்பா கை தட்டினவர். ஞாபகம் இருக்கோ?”

“இருக்கு.”

அன்றைக்கு வரவேற்பறையில் சொந்தக்காரர் எல்லாரும் கூடியிருந்தார்கள். டிவியில் யதுஷனின் பெயரை நாட்டின் மறுகரையில் உள்ள ஒரு பேர்த் கழகம் கூப்பிட்டது. தகப்பன் அப்போதே நோயாளி. சாய்மனையில் படுத்திருந்தவர் எழும்பி உட்கார்ந்து, எல்லாரையும் விடப் பலமாகக் கை தட்டினார். சத்தம் அடங்கிய பிறகுதான், எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

“நாலு மணித்தியாலப் பறப்பு எண்டு நான்தான் சொன்னனான்,” என்றாள் வதனி.

“அந்த நாலு மணித்தியாலத்துக்குள்ளதான் அவர் போனவர். கடுமை எண்டு கேள்விப்பட்டுத் திரும்பி வர நான் மேல பறந்துகொண்டு இருக்கிறன், இஞ்ச அவர் இல்லை.” யதுஷன் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. “பெரியப்பா கனடா. சித்தி நோர்வே. மாமா எங்க எண்டே தெரியாது. அவை சண்டையால போனவை. நான் ஒரு விளையாட்டால போனன். எங்கட சனம் சிதறினது காணாதோ அக்கா? நூறு முடிச்சா எழிலன் இஞ்ச. இந்த வீட்டில இருந்து நடந்து போய் விளையாடுவான். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்.”

பிறகு சிந்துஜா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“மச்சாள், உங்களுக்கு ஒருக்காலும் சொல்லேல்லை. இவன் பிறந்த உடன ஊரில என்ர அப்பா குறிப்பு எழுதுவிச்சவர். பிள்ளை பெரிய யோகக்காரன், ஆனா தகப்பனுக்குக் கூடாது எண்டு சாத்திரியார் சொன்னவராம். தகப்பன் பிள்ளையை நேர பாக்கக் கூடாது, முதல் எண்ணெயில முகம் பாத்துப்போட்டுத்தான் பாக்கவேணுமாம்.”

“ஆஸ்பத்திரியில எண்ணெய்க்கு நான் எங்க போறது?” என்று யதுஷன் சிரித்தான். “நேரத்தான் பாத்தனான். நல்ல வடிவா இருந்தவன்.”

சிந்துஜா சிரிக்கவில்லை. “நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னா இவர் கேப்பார் மச்சாள்.”

வதனி சொன்னாள். “வேண்டாம் யது. விடு. பதின்மூண்டு வருசம் கிடக்கு, அதுக்குள்ள விதியே மாறியிடும்.”

யதுஷன் அக்காவை வெகுநேரம் பார்த்தான். கோபம் இல்லை, பழைய ஒன்றை எடுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“பேர்த்துக்குப் போகேக்க நீ வேண்டாம் எண்டு சொல்லேல்லை,” என்றான்.

வதனி எழும்பிப் போய்க் கையைக் கழுவினாள்.

ஆட்டத்தன்று மத்தியானத்திலிருந்தே மழை தூறியது. இரண்டு கழகங்களுக்கும் வெல்வதாலோ தோற்பதாலோ ஒரு பயனும் இல்லாத ஆட்டம், பாதி இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. சிந்துஜாவும் எழிலனும் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் குடையோடு இருந்தார்கள். வதனி மேலே கண்ணாடி அறையில் கிரெய்க்குக்குப் பக்கத்தில் நின்றாள்.

கடைசிக் கால்பகுதி தொடங்கிச் சற்று நேரத்தில் யதுஷன் இறங்கினான். அவன் கால் கோட்டைத் தாண்டியதும் பெரிய திரையில் நூறு என்ற எண் வந்தது. இருந்த சனம் எழும்பி நின்று கை தட்டியது. கிரெய்க் வதனியின் கையைப் பிடித்து அழுத்தினார். பதின்மூன்றாவது நிரல் உறுதியாகிவிட்டது. வெளியே எடுங்கள், எடுங்கள் என்று அவள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். கிரெய்க்குக்கு அது விளங்கியிருக்க வேண்டும், உடனே கீழே ஆளனுப்பச் சொன்னார். யதுஷனைக் கூட்டிவர ஒருவன் மைதானத்துக்குள் ஓடினான்.

அப்போதுதான் பந்து உயரே வந்தது. யதுஷன் அதைப் போக விட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பந்தைப் போக விடுவது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முகத்தை மேலே வைத்துக்கொண்டு, தலைக்கு மேலாகப் போகிற பந்தின் பின்னால் பின்னோக்கி ஓடினான். எதிரே வந்தவனும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். யதுஷன் பிடித்தான். பிடித்த பிடியை விடவும் இல்லை. நிலத்தில் அசையாமல் கிடந்தவனின் நெஞ்சிலிருந்து பந்தை எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அவன் சாகவில்லை. அது ஆறுதல் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சாப்பிட்டான், நடந்தான், கேட்டால் பதில் சொன்னான். வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொண்டான். சிந்துஜாவின் பெயரைச் சில நாள் மறந்தான், சில நாள் சொன்னான். பந்தைக் கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான், அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியே பார்த்தபடி ஒரு கதிரையில் இருப்பான். பொழுது படுகிற நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்பான். எழிலனின் பெயரைக் கூப்பிட்டாச்சா என்று.

அடுத்த வருடம் அதே மாதத்தில் பிள்ளைகளின் கணிப்பைப் புதுப்பித்தார்கள். வழக்கமான வேலை. எழிலனுக்கு அறுபத்தொன்று வந்தது.

கிரெய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “எங்கேயோ பிழை. காலில் ஏதாவது கோளாறா?”

“கால் நன்றாக இருக்கிறது,” என்றாள் வதனி. “உயரம் கூடியிருக்கிறது. கண் பார்வை, மூச்சு எல்லாம் போன வருடத்தை விட மேல். நான் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டேன்.”

“பிறகு?”

அவள் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். ஒன்று பழையது. யதுஷன் உதைக்கிறான், கூப்பிடுகிறான், எழிலன் திரும்புகிறான். மற்றது போன மாதம் எடுத்தது. எழிலன் தானே உதைத்து, தானே இணுவில் என்று கூப்பிட்டு, தானே இடப்பக்கம் ஓடுகிறான்.

“தானே கூப்பிட்டால், கூப்பிடுவதற்கு முதலே எந்தப் பக்கம் என்று தெரியும்,” என்றாள். “வேறு ஆள் கூப்பிட்டால் தெரியாது. அந்தச் சொல் காதில் விழுந்து உடம்பு திரும்புகிறதே, அதற்குத்தான் சாத்திரியார் தொண்ணூற்றாறு கொடுத்தது. ஒவ்வொரு நாளும் அது நடக்கும், இன்னும் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் நடக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறது. நாம் இரத்தம் என்று நினைத்தோம். இரத்தத்துக்குக் கொடுத்தது கொஞ்சம்தான்.”

கிரெய்க் கதிரையில் சாய்ந்தார். “இதை ஏன் அது அப்போதே சொல்லவில்லை?”

“கேட்கவில்லையே. மகனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டோம். தகப்பனின் தலையைப் பற்றி வேறொரு நாள் ஒரு கேள்வி கேட்டோம். அவனுக்கு அப்படி நடந்தால் இவனுக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை.” வதனி இரண்டு படங்களையும் நிறுத்தினாள். “எங்கள் ஊரில் ஒரு சாத்திரியார் பிள்ளையின் குறிப்பைக் கையில் எடுத்தால், தகப்பனுக்கு எப்படி என்று பார்க்காமல் கீழே வைக்க மாட்டார். அந்தப் பெயரை இதற்கு வைத்தது நான். அந்த வழக்கத்தைச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.”

கிரெய்க் அழுதார். மறைக்கவும் இல்லை. ஆனால் அழுது முடித்ததும் எழும்பிச் சுவருக்குப் போனார், அதுதான் அவருடைய வேலை. பன்னிரண்டாவது நிரலுக்கு வந்திருந்த அந்த வெள்ளை வில்லையைப் பிடுங்கினார். பிள்ளையின் மீது கழகத்துக்கு இருந்த உரிமை அப்படியே இருந்தது. விதிப்படி யாரும் அதைப் பறிக்க முடியாது. அவனை வேண்டுகிறவர்தான் இனி யாரும் இல்லை. வேறொரு வில்லையை, வேறு யாரோ ஒருவரின் மூன்று வயது மகளை, அந்த இடத்துக்கு நகர்த்தினார். கையில் இருந்ததைக் குப்பைக் கூடையில் போட மனம் வராமல் வதனியிடம் நீட்டினார். அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலை அவள் நேரே நோபிள் பார்க்குக்குப் போனாள். வதனி சொன்னதைச் சிந்துஜா குசினியில் நின்றபடியே கேட்டாள். அடுப்பில் ஏதோ அடிப்பிடித்தது, அதை இறக்கி வைக்கவும் மறந்து நின்றாள்.

“அப்ப எழிலன் அவைக்கு வேண்டாமோ?”

“எண் குறைஞ்சு போச்சு.”

“இவர் இப்பிடி ஆனதாலயோ?”

வதனி ஓம் என்று தலையை ஆட்டினாள்.

சிந்துஜா அடுப்பை அணைத்தாள். அழுவாள் என்று வதனி நினைத்தாள், அவள் அழவில்லை. “ஊர்ச் சாத்திரியார் பிள்ளை தகப்பனுக்குக் கூடாது எண்டவர். உங்கட சாத்திரியார் பிள்ளை திறம் எண்டவர். ரெண்டு பேரும் ஒண்டைத்தான் சொல்லியிருக்கினம் மச்சாள். எங்களுக்குத்தான் விளங்கேல்லை.” பிறகு தணிந்த குரலில், “பிள்ளைக்கு உதொண்டும் தெரியவேண்டாம். தன்னாலதான் அப்பாவுக்கு இப்பிடி எண்டு ஒருக்காலும் அவன் நினைக்கக் கூடாது,” என்றாள்.

பின்வளவில் பந்து கராஜ் கதவில் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அடி, ஒரு பெயர், ஓட்டம். வதனி ஜன்னலருகே போய் நின்றாள். பதினெட்டு வயதில் ஒருவன் மேடையேறி இந்தப் பிள்ளையின் பெயரை வாசித்து எங்கேயோ அனுப்பிவிடுவான் என்றுதானே யது பயந்தான். இனி அந்தப் பெயரை யாரும் வாசிக்கப் போவதில்லை. எழிலன் இந்த ஊரிலேயே, இந்த வீட்டிலேயே இருப்பான். தம்பி கேட்டது கேட்டபடியே கிடைத்திருக்கிறது. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். யதுஷன் கதிரையில் இருந்தான். வெளிச்சம் குறைந்திருந்ததால் கண்ணைத் திறந்து வைத்திருந்தான்.

“அக்கா,” என்றான். அன்றைக்கு அவளைத் தெரிந்தது. “எழிலன்ர பேர் கூப்பிட்டாச்சோ?”

தான் வந்த மற்ற நாட்களில் அவளே முந்திக்கொண்டு ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள். இன்னும் நேரம் இருக்கு என்பாள், சாப்பிடு என்பாள். இன்றைக்குப் பையில் அந்த வில்லை இருந்தது. இனிமேலும் பொய் சொல்லக் கூடாது என்று ஒரு வீம்பு வந்தது அவளுக்கு. வாயைத் திறந்தாள்.

“ஓம் அப்பா, கூப்பிட்டாச்சு.”

சேற்றுக் காலோடு எழிலன் உள்ளே வந்திருந்தான். பந்தைக் கமக்கட்டில் வைத்திருந்தான். ஒவ்வொரு நாளும் சொல்லிப் பழகியவன்போல் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். சிந்துஜா குசினி வாசலில் நின்று வதனியைப் பார்த்தாள். தான் வராத ஒவ்வொரு நாளும் இங்கே நடப்பது இதுதான் என்று அப்போதுதான் வதனிக்குத் தெரிந்தது.

யதுஷன் மகனைப் பார்த்தான். அடுத்த கேள்வி வரச் சற்று நேரம் எடுத்தது.

“எவ்வளவு தூரம்?”

“கிட்டத்தான் அப்பா. நடந்து போகலாம்.”

யதுஷனின் முகம் மெல்ல மலர்ந்தது. இரண்டு கையையும் மடியிலிருந்து தூக்கினான். கைகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் சிரமப்பட்டன. பிறகு கை தட்டத் தொடங்கினான், பலமாக, தனியாக. எழிலன் பந்தைக் கீழே வைத்துவிட்டு, தகப்பன் தட்டி ஓயும் வரைக்கும் பக்கத்தில் நின்றான்.